மே மாதத்தில் வால்பாறை: பிள்ளைகளுக்குக் காட்டை எப்படிக் காட்டுவது?

பல்லடத்து அப்பா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மே இரண்டாவது வாரத்தில் நான்கு நாட்கள் வால்பாறையில் தங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். என்னோடு மனைவி, ஒன்பது வயது மகள், ஆறு வயது மகன், அறுபத்தெட்டு வயதான என் தாயார் ஆகியோர் வருகிறார்கள். பயணத்தின் நோக்கமே பிள்ளைகள் காட்டுயிர்களைப் பார்க்க வேண்டும் என்பதுதான். ஆனால் எப்படிப் பார்க்க வைப்பது என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கிறது.

சென்ற கோடையில் வேறொரு மலைப்பகுதிக்குப் போயிருந்தோம். நாங்கள் தங்கிய விடுதியில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் மீந்த சோற்றையும் பழத்தோலையும் கொல்லைப்புறத்தில் கொட்டி, பெரிய விளக்கைப் போட்டு, அவற்றைத் தின்ன வந்த காட்டுப்பன்றிகளை விருந்தினர்களுக்குக் காட்டினார்கள். மகன் கைதட்டி மகிழ்ந்தான். மகள் மட்டும் என் காதருகே வந்து, "இது நம்ம தெருவுல நாய்க்குச் சோறு வைக்கிற மாதிரிதானே அப்பா?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் ஜீப்பில் இரண்டு மணி நேரம் சுற்றியும் ஒரு மயிலைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. யானையைக் காட்டுவதாக நான் வாக்குக் கொடுத்திருந்ததால் மகன் அழுதே விட்டான்.

இந்த முறை அந்தத் தவறுகள் நேரக்கூடாது. சிறு பிள்ளைகளோடு எங்கே, எந்த நேரத்தில் போனால் எதைப் பார்க்க முடியும்? வால்பாறையில் சிறுத்தை நடமாட்டம் உண்டு என்று கேள்விப்பட்டு மனைவி தயங்குகிறார். அங்கேயே வாழ்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தால் உதவியாக இருக்கும்.

லயன் வீட்டுப் பிள்ளை எழுதியது:

வணக்கம். நான் வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில், பிறந்து வளர்ந்தவன். இப்போது பொள்ளாச்சியில் ஆசிரியராக இருக்கிறேன். உங்கள் மகள் கேட்ட கேள்வியை வாசித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வால்பாறைக்குப் போவது காட்டைப் பார்க்க ஊருக்கு வெளியே போவது போன்றதன்று. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளத்துக் காடுகளும் இருக்க, நடுவே தேயிலையும் காப்பியும், அவற்றுக்கிடையே தீவுகள் போல எஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகளும் உள்ள மேட்டுநிலம் அது. ஆகவே ஜீப் சவாரியைத் தேடி அலைய வேண்டாம். சாலையோரத்தில் பொறுமையாக நின்றாலே பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது.

ஆழியாறிலிருந்து ஏறும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை இருக்கிறது. அங்கே வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கீழே தெரியும் ஆழியாறு அணையைப் பார்த்து முடித்ததும், எதிரேயுள்ள பாறைச் சரிவைப் பாறை பாறையாகத் துழாவிப் பாருங்கள். நம் மாநில விலங்கான வரையாடு அங்கே அடிக்கடி மேயும். பாறையின் நிறமும் ஆட்டின் நிறமும் ஒன்றாக இருப்பதால் அது அசையும் வரை தெரியாது; பிள்ளைகள்தான் பெரும்பாலும் முதலில் கண்டுபிடிப்பார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் பிறந்த குட்டிகள் மே மாதத்தில் தாயோடு துள்ளிக்கொண்டு இருக்கும். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதற்கும் 1,031 வரையாடுகளே இருந்தன. அடுத்த ஆண்டு 1,303 என்று எண்ணினார்கள். ஒரு பெரிய மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் மாணவர்களின் எண்ணிக்கை அளவுதான் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். சாலைக்கே இறங்கி வந்து நிற்கும் ஆடுகளுக்குச் சிலர் பிஸ்கட் நீட்டுவதைப் பார்ப்பீர்கள். தயவுசெய்து உங்கள் வண்டியிலிருந்து எதையும் கொடுக்காதீர்கள்.

வால்பாறை நகருக்கு அருகே புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகளின் கூட்டம் உண்டு. நாங்கள் சோலைமந்தி என்றும் சொல்வோம். உடல் முழுக்கக் கருமை, முகத்தைச் சுற்றிச் சாம்பல் வெள்ளைப் பிடரி, வால் நுனியில் சிறு குஞ்சம். உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இவை காட்டில் இல்லை. மரத்தைவிட்டு இறங்காமல் வாழ வேண்டிய உயிரினம், காடு துண்டு துண்டானதால் தார்ச்சாலையைக் கடக்கிறது. கடக்கும்போது வண்டியில் அடிபட்டும் இறந்திருக்கிறது. அதனால் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். குரங்குகள் வருவதற்குக் காத்திருக்கும் நேரத்தில் அந்தப் பாலங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அங்கே போக்குவரத்தைக் கவனித்து நிற்கும் காவலர்களிடம் பேசினால் எந்தக் குரங்கு எந்தப் பக்கம் போனது என்பது வரை சொல்வார்கள்.

இனி சிறுத்தை. உங்கள் மனைவியின் தயக்கம் நியாயமானது. அதை லேசாகச் சொல்லிக் கடக்க மாட்டேன். எங்கள் ஊரில் சிறு பிள்ளைகளைச் சிறுத்தை தாக்கிய துயரங்கள் நடந்திருக்கின்றன. தேயிலைச் செடி பெரியவர்களுக்கு இடுப்பளவுதான், ஆனால் ஆறு வயதுப் பிள்ளை அதற்குள் குனிந்தால் தெரியவே தெரியாது. மாலை ஐந்தரைக்கு மேல் பிள்ளைகளை முற்றத்தில் தனியே விளையாட விடமாட்டோம். கழிப்பறைக்குக்கூடப் பெரியவர் ஒருவர் டார்ச்சோடு கூடப் போவார். இறைச்சிக் கழிவை வீட்டருகே கொட்டினால் நாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். தங்கும் இடத்தைப் பதிவு செய்யும் முன், குப்பையை எங்கே போடுகிறார்கள் என்று கேளுங்கள். சென்ற ஆண்டு நீங்கள் பார்த்தது போல விலங்குக்குச் சோறு வைக்கும் இடமென்றால் அங்கே தங்கவே வேண்டாம்.

யானைகள் பக்கத்தில் இருந்தால் எங்கள் ஊரில் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வரும். முக்கியமான இடங்களில் கம்பத்தின் மேல் சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கு எரிந்தால் அந்தப் பாதையில் போகாதீர்கள். கூழாங்கல் ஆற்றில் பிள்ளைகள் கால் நனைக்க ஆசைப்படுவார்கள். கணுக்காலுக்கு மேல் இறங்க விடாதீர்கள், ஏனெனில் மேலே மழை பெய்தால் தண்ணீர் சட்டென்று ஏறிவிடும்.

வால்பாறைக்கும் இப்போது இ-பாஸ் வேண்டும். புறப்படும் முன்பே எடுத்துவிடுங்கள்.

அத்திமரத்தடி எழுதியது:

லயன் வீட்டுச் சகோதரர் இடங்களைச் சொல்லிவிட்டார். நான் பத்து ஆண்டுகளாக என் இரு பிள்ளைகளோடு பறவை பார்க்கப் போய்வருகிற தாய் என்ற முறையில், பிள்ளைகளின் பொறுமையைப் பற்றி எழுதுகிறேன்.

எந்த விலங்கின் பெயரைச் சொல்லியும் வாக்குக் கொடுக்காதீர்கள். "யானை பார்க்கப் போகிறோம்" என்று கிளம்பிய பிள்ளைக்கு யானை இல்லாத காடு வெறும் காடாகிவிடும். "காட்டில் இன்று யார் நடந்தார்கள் என்று பார்க்கப் போகிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். சாலையோர ஈரமண்ணில் காட்டுமாட்டின் குளம்படி, முள்ளம்பன்றி உதிர்த்த முள், மரக்கிளையில் மலை அணில் இலைகளை அடுக்கிக் கட்டிய பந்து போன்ற கூடு என்று எல்லாமே அப்போது கணக்கில் சேரும்.

அடுத்தது, பத்து இடங்களுக்கு ஓடாமல் பழுத்த அத்திமரம் ஒன்றைக் கண்டுபிடித்து அதற்கு எதிரே காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை உட்காருங்கள். அத்தி பழுத்திருந்தால் குக்குறுவான் பறவை, மலை அணில், குரங்கு எல்லாம் தாமாகவே அங்கே வரும். யோகம் இருந்தால் பெரிய இருவாச்சியும் வரும். அது வருவது கண்ணுக்குத் தெரியும் முன் காதுக்குத் தெரியும்; பழைய நிலக்கரி ரயில் மூச்சுவிடுவது போல இறக்கைச் சத்தம் தலைக்கு மேலே கடக்கும். ஆணின் கண் சிவப்பு, பெண்ணின் கண் வெள்ளை. பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு முட்டையிட, ஆண் வாரக்கணக்கில் பழத்தைக் கொண்டுவந்து சிறு இடுக்கு வழியே ஒவ்வொன்றாக ஊட்டும். இந்தக் கதையை முந்தைய இரவே பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தால், மறுநாள் ஒரு முறை பார்த்தாலும் அவர்களுக்கு அது தெரிந்த குடும்பத்தைப் பார்த்தது போல இருக்கும். ஆனால் பொந்து இருக்கும் மரம் தெரிந்துவிட்டால் அருகே போகாதீர்கள், படத்தை இடத்தோடு சேர்த்து எங்கும் பகிராதீர்கள்.

பைனாகுலர் ஒன்று போதாது. இருவருக்கும் தனித்தனியே எளிய பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள், அல்லது ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று முறை வையுங்கள். என் வீட்டில் பறவையைவிட அதற்குத்தான் அதிகச் சண்டை நடந்தது. வெள்ளைச் சட்டை, சிவப்புச் சட்டை வேண்டாம். முறுக்குப் பொட்டலம் சரசரக்கும், ஆகவே தின்பண்டத்தைத் துணிப்பையிலோ டப்பாவிலோ போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

மருத்துவமனைச் செவிலியர் எழுதியது:

சுருக்கமாகச் சிலவற்றைச் சொல்கிறேன். குரங்கு கடித்தாலோ நகத்தால் கீறினாலோ சிறிய காயம்தானே என்று விடக்கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல், அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும். பிள்ளைகளின் கையில் தின்பண்டம் இருக்கும்போதுதான் பெரும்பாலும் இது நடக்கிறது. மழை பெய்த மறுநாள் அட்டை இருக்கும்; பிய்த்து எடுக்காமல் நகத்தால் வாய்ப்பக்கத்தைத் தள்ளிவிட்டு, இடத்தைக் கழுவினால் போதும். தங்கள் தாயாருக்கும் பிள்ளைகளுக்கும் வளைவுகளில் குமட்டல் வரலாம், ஏறுவதற்கு முன் வயிறு நிறையச் சாப்பிட வைக்காதீர்கள்.

சேத்துமடை வழியே எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்து. சவாரியே வேண்டாம் என்பதை நான் முழுதாக ஏற்கவில்லை. அதிகம் நடக்க முடியாத பாட்டி இருக்கும் குடும்பத்துக்கு, ஒரு நாள் ஒதுக்கிப் பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் இருக்கும் டாப்சிலிப் போய், வனத்துறை வண்டியிலேயே உள்ளே சென்று வருவது நல்ல அனுபவம். கோழிகமுத்தி யானைகள் முகாமில் மலசர் பழங்குடிப் பாகன்கள் யானைகளோடு பழகுவதை மகன் பார்க்கட்டும். அது காட்டு யானை இல்லை என்பதையும் சொல்லுங்கள்.

அங்கே இன்னொன்றும் உண்டு. வெட்டிய தேக்கு மரங்களை மலையுச்சியிலிருந்து சறுக்கி விட்டதால்தான் அந்த இடத்துக்கு டாப்சிலிப் என்று பெயர். அப்படி வெட்டித் தீர்த்த மலையில் மீண்டும் தேக்கு வளர்த்தவர் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி. கைத்தடியால் மண்ணில் குழி குத்தி, பையிலிருந்து விதையை எடுத்துப் போட்டுக்கொண்டே நடப்பாராம். 1933இல் இறந்த அவருடைய கல்லறை அங்கேயே மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. அவரது நினைவுச்சின்னத்தைக் காண வேண்டுமானால் சுற்றிலும் பாருங்கள் என்ற பொருளில் லத்தீன் வாசகம் பொறித்திருக்கிறார்கள். என் மகளை அங்கே நிறுத்தி அதைப் படித்துச் சொன்னபோது அவள் நிஜமாகவே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். கோடையில் தீ அபாயம் இருந்தால் காப்பகத்துக்குள் அனுமதி நிறுத்தப்படும் என்பதால் முதல் நாளே வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பல்லடத்து அப்பா எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று திரும்பி வந்தோம். யானை வரவில்லை, யாரும் அழவும் இல்லை.

ஒன்பதாவது வளைவில் இருபது நிமிடம் நின்றோம். மகன்தான் முதலில், "அந்தக் கல்லு காதை ஆட்டுது" என்றான். தாயும் குட்டியுமாக நான்கு வரையாடுகள்.

புதுத்தோட்டத்தில் ஒரு பெண் குரங்கு பலாப்பழத்தை மரத்திலேயே வைத்துப் பிளந்துகொண்டிருந்தது. பால் விரல்களில் ஒட்டிக்கொள்ள, அதைக் கிளையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துவிட்டு மீண்டும் கையை உள்ளே விட்டது. என் தாயார், "எண்ணெய் தடவிக்கத் தெரியலை பாவம்" என்று சொல்லிவிட்டு, தம் சிறு வயதில் பலா அரிந்த கதையை அங்கேயே நின்று பிள்ளைகளுக்குச் சொன்னார். முக்கால் மணி நேரம் போனது தெரியவில்லை. பக்கத்தில் ஒருவர் வாழைப்பழத்தை நீட்டியபோது மகள் அவரிடம் போய், "மேலே அவங்களுக்குப் பழம் இருக்கு மாமா" என்றாள். அவர் பழத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அத்திமரம் கிடைத்தது, இருவாச்சி கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்கு அறைக்குத் திரும்பும்போது தலைக்கு மேலே அந்த இறக்கைச் சத்தம் மட்டும் கேட்டது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் மரங்களுக்கு அப்பால் போய்விட்டது. மகள் அதை நோட்டில் "கேட்டது: 1" என்று எழுதியிருக்கிறாள். அத்திமரத்தடி அம்மா, அதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று உங்களிடம் கேட்கச் சொன்னாள்.

அத்திமரத்தடி எழுதியது:

தாராளமாகச் சேர்க்கலாம் என்று மகளிடம் சொல்லுங்கள். பறவைக் கணக்கெடுப்பில் நாங்களும் குரலைக் கேட்டதை எண்ணுகிறோம். நேரத்தையும் இடத்தையும் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.