மேட்சிங் நம்பர்ஸ்: ‘எண் பொருத்தம்’ போதுமா?

> மேட்சிங் நம்பர்ஸ் = எண் பொருத்தம்; ஃபேக்டரி ஸ்பெசிஃபிகேஷன் = அசல் விவரக்குறிப்பு. சரிதானே?

வணக்கம் ஐயா,

பழைய கார் வாங்கி விற்பவர்களின் சொற்களுக்குத் தமிழ் தேடுகிறோம். மேட்சிங் நம்பர்ஸ் என்பது எஞ்சினில் குத்திய எண் காரின் எண்ணோடு ஒத்துப்போவது; ஃபேக்டரி ஸ்பெசிஃபிகேஷன் என்பது கார் ஆலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த அமைப்பு.

‘எண் பொருத்தம்’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. கல்யாணத் தரகர் ஞாபகம் வந்தாலும் பரவாயில்லை. எனக்கு உறுத்துவது ‘அசல்’.

செவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான 1967 கார்வெட்டை எடுத்துக்கொள்வோம். எஞ்சினின் வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் தட்டையாக ஒரு சின்ன இடம் இருக்கும். அங்கே இரண்டு குறியீடுகள் குத்தியிருப்பார்கள். ஒன்று ‘வி0922எச்டி’ என்பது போல: வி என்றால் ஃபிளின்ட் ஆலை, 0922 என்றால் செப்டம்பர் 22, எச்டி என்றால் 350 குதிரைத்திறன் வகை. மற்றது 7-இல் தொடங்கும். அதன்பின் காரின் வரிசை எண். இது காரின் சேஸி எண்ணோடு ஒத்துப்போக வேண்டும்.

வேறொரு 1967 கார்வெட்டிலிருந்து கழற்றி இதில் மாட்டிய எஞ்சினும் அசல்தானே? செவர்லே செய்தது, அதே வகை, அதே ஆண்டு. ஆனால் இந்தக் காரோடு வந்ததல்ல. இரண்டையும் ‘அசல்’ என்றால் விலை பேசும்போது அடிதடிதான்.

ஆகவே காரோடு வந்தது ‘உடன்பிறந்த எஞ்சின்’, மற்றது ‘ஒத்தவகை எஞ்சின்’. ஃபேக்டரி ஸ்பெசிஃபிகேஷனுக்கு ‘ஆலையமைப்பு’ போதும்.

---

> உடன்பிறந்த எஞ்சின்

உடன்பிறந்தது என்றால் அண்ணன் தம்பி அல்லவா? அதோடு, எஞ்சின் காருக்கு முன்பே பிறந்துவிடுகிறது. எஞ்சினின் வார்ப்பு உடலான பிளாக்கிலேயே வார்ப்புத் தேதி இருக்கும்: ‘ஐ 12 6’ என்றால் ஒன்பதாம் மாதம் (ஐ ஒன்பதாவது ஆங்கில எழுத்து), 12, 1966. வார்ப்பு முதலில், எஞ்சின் பூட்டியது பிறகு, கார் கடைசியில். இந்த வரிசை புரண்டிருந்தால் சந்தேகப்பட வேண்டும். ‘உடன்வந்த எஞ்சின்’ என்றே வையுங்களேன்.

---

‘உடன்வந்த’, ஒப்புக்கொண்டேன். சீர்வரிசை வாடை அடிக்கிறது, இருக்கட்டும்.

அப்புறம், ‘எண் பொருத்தம்’ என்பதையும் விட்டுவிட வேண்டாம். பொருளை மட்டும் குறுக்கிக்கொள்வோம். எண்கள் ஒத்துப்போவது சாட்சிதான், தீர்ப்பல்ல. பழைய எண்ணை வழித்துவிட்டு வேண்டிய எண்ணைக் குத்துகிறவர்கள் உண்டு. அதை ‘மறுகுத்து’ எனலாம். அப்படிச் செய்த எஞ்சினிலும் எண் பொருத்தம் இருக்கும், ஆனால் அது உடன்வந்ததல்ல. கண்டுபிடிக்க வழி? ஆலையில் அந்த இடத்தைச் சமன்செய்த கருவி முன்னும் பின்னுமாக மெல்லிய இணைகோடுகளை விட்டிருக்கும். எண்ணை வழித்தால் கோடும் போய்விடும். பரிசோதிப்பவர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து முதலில் தேடுவது எண்ணை அல்ல, அந்தக் கோடுகளைத்தான்.

அவற்றுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. தச்சர் இழைப்புளியை நினைத்து ‘இழைப்புக்கோடு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.