மறு: கோட்டின் முனைக்கு ஒரு சொல் – ‘கவ்வு’

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

இரண்டு நாளாக எல்லா மடல்களையும் படித்துக்கொண்டு வருகிறேன். நாம் தமிழாக்கிக்கொண்டிருக்கும் விளக்கப்படச் செயலியில், கோட்டின் முனை ஒரு பெட்டியோடு போய்ச் சேர்ந்துகொள்வதை (ஆங்கிலத்தில் ‘க்ளூ’) ‘ஒட்டு’ என்று எழுதிவிடலாம் என்று பலரும் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு சொல் செயலியின் பட்டியில் (மெனுவில்) ஏறி நாலு பேர் கைக்குப் பழகிவிட்டால் அப்புறம் இறக்குவது பெரும்பாடு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> ஸ்நாப், க்ளூ இரண்டும் பயனருக்கு ஒன்றுதானே? கோடு போய் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ஒன்றல்ல, ஐயா. மைக்ரோசாஃப்டின் விளக்கப்படச் செயலியான விசியோவில் இரண்டையும் ஒரே சன்னலில் வைத்திருந்தாலும் தனித்தனியாகத்தான் தேர்வு செய்ய வேண்டும். ஸ்நாப் என்பது இடத்தைப் பற்றியது. நாம் கோட்டை ஏறக்குறைய ஓரிடத்தில் விட்டால், செயலி அதைத் திரையின் பின்னணியில் இருக்கும் பக்கத்துக் கட்டத்தின் மூலையில் சரியாகக் கொண்டுபோய் வைக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது. க்ளூ என்பது உறவைப் பற்றியது. பெட்டியை எங்கே நகர்த்தினாலும் கோட்டின் முனை கூடவே போகும். படம் அசையாமல் இருக்கும்வரை இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். பெட்டியை இழுத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

மேசைக் கணினியில் இது பெரிய சிக்கல் இல்லை. சுட்டியை அழுத்தாமல் மேலே கொண்டுபோனாலே பெட்டியின் ஓரத்துப் புள்ளி நிறம் மாறிக் காட்டிவிடும். என் கையடக்கக் கணினியில் அதற்கு வழியில்லை. எழுத்தாணி திரையை அழுத்தினால்தான் அது வந்திருப்பதே கருவிக்குத் தெரியும். அழுத்திய இடத்தையோ என் கை மறைத்துக்கொள்ளும். ஆகவே, எது நடந்தது என்று திரையின் கீழே வரும் ஒரு சொல்தான் எனக்குச் சொல்ல வேண்டும். அந்தச் சொல் இரண்டுக்கும் பொதுவாக இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டே தெரிந்துகொண்டேன்.

போன மாதம் வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மாடிப்படிக்குக் கீழே மெயின் போர்டு. நின்றபடியே கருவியில் படம் போட்டேன்: ஈபி ஒரு பக்கம், ஜெனரேட்டர் ஒரு பக்கம், நடுவில் சேஞ்ச்ஓவர் (இரண்டில் ஒரு பக்கத்துக் கரண்டை மட்டும் உள்ளே விடும் மாற்றுச் சுவிட்ச்), அதற்கப்புறம் லிஃப்ட், மோட்டார், பொது விளக்கு. மீட்டருக்கு இடம் போதவில்லை என்று சேஞ்ச்ஓவர் பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். ஈபி கோடு கூடவே வந்தது. ஜெனரேட்டர் கோடு வரவில்லை. அது கட்டத்தின் மேல் வெறுமனே நின்றிருந்தது போலும். இப்போது அதன் முனை லிஃப்ட் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் கவனிக்கவில்லை. அச்செடுத்துக் கொடுத்ததும் எலக்ட்ரீஷியன் காகிதத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, “ஜெனரேட்டர் நேரா லிஃப்டுக்கா சார் போவுது?” என்று கேட்டார். அவர் கேட்காமல் அப்படியே ஒயர் இழுத்திருந்தால், இரண்டு பக்கத்துக் கரண்டும் ஒரே இடத்தில் மோதியிருக்கும். நினைத்தாலே இன்னும் கை நடுங்குகிறது.

படத்தைத் திருத்தி எடுத்துக்கொண்டு போனபோது அவர் ஒரு டெர்மினலை முறுக்கிக்கொண்டிருந்தார். முடிந்ததா என்றேன். “ஒயரு உள்ள உக்காந்துதான் இருக்கு சார், ஸ்க்ரூ இன்னும் கவ்வல” என்றார்.

நாம் இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருக்கும் இரண்டு சொல்லும் அந்த ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. உட்கார்வது வேறு, கவ்வுவது வேறு. தச்சர்களும் கதவு நிலையில் “சரியா உட்கார்ந்திருச்சு” என்றுதான் சொல்கிறார்கள். ஸ்நாப்புக்கு அதுவே எழுத்து வழக்கில் ‘அமர்’ ஆகட்டும்: கட்டத்தில் அமர். க்ளூவுக்கு ‘கவ்வு’.

மற்ற சொற்களையும் நியாயமாகப் பார்த்துவிடுவோம். ‘ஒட்டு’ ஏற்கனவே ‘வெட்டு’க்கு ஜோடியாகப் போய்விட்டது, அதே பட்டியில் இரண்டு ‘ஒட்டு’ இருக்க முடியாது. ‘இணை’ என்ற சொல்லின் மேல் மடல் இணைப்பு, இணைய இணைப்பு என்று இப்போதே ஏகப்பட்ட சுமை. ‘பூட்டு’ என்று அக்கா ஒருவர் எழுதியிருந்தார். ஏர் பூட்டுவது, வண்டியில் மாடு பூட்டுவது எல்லாம் நினைவுக்கு வந்து மனம் நிறைந்தது. ஆனால் அடுக்கைப் பூட்டு, பக்கத்தைப் பூட்டு என்று வரைகலைச் செயலிகளில் அது அசையாமல் நிறுத்துவதைக் குறிக்கிறது. நமக்கு வேண்டியதோ பெட்டியோடு சேர்ந்து அசைவது. ‘பிணை’ நல்ல சொல், எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் எதிர்ச்சொல் என்ன? பிணை என்றால் அவிழ் என்று எழுத வேண்டும், முடிச்சு இல்லாத இடத்தில் அவிழ்ப்பது பொருந்தவில்லை. கவ்வு என்றால் விடு. குழந்தைக்கும் தெரிந்த ஜோடி. இரண்டுமே சின்னச் சொற்கள் என்பது இன்னொரு லாபம். 240 பிக்சல் அகலத் திரையில் ‘பொருளிணைப்பு நீக்கம்’ என்று எழுதினால் பாதி வெட்டுப்பட்டுப் போகும்.

> கவ்வு என்றால் நாய் கவ்விக்கொண்டு போவதுதான் நினைவுக்கு வருகிறது.

வரட்டுமே. இருள் கவ்வியது என்றும்தான் சொல்கிறோம். பற்றிக்கொண்டு விடாமல் இருப்பதுதான் சொல்லின் உள்ளே இருக்கும் பொருள். நமக்கு வேண்டியதும் அதுதான்.

இது கையடக்கக் கருவிக்கென்று புதிதாக முளைத்த ஏற்பாடு என்று ஒருவர் எழுதியிருந்ததால் இதையும் சொல்கிறேன். 1963-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஐவன் சதர்லாந்து செய்த ஸ்கெட்ச்பேட் என்ற நிரலிலேயே இரண்டும் உண்டு. அறையை அடைத்துக்கொண்டிருந்த டிஎக்ஸ்-2 கணினியின் திரையில் ஒளிப்பேனாவால் வரைவார்கள். பேனா ஒரு புள்ளியை நெருங்கினால் நிரல் அந்தப் புள்ளியையே துல்லியமாக எடுத்துக்கொள்ளும். அந்தப் புள்ளியை நகர்த்தினால் அதில் சேர்ந்த கோடுகளெல்லாம் கூடவே நகரும். அது திரையில் பேனாவை வைத்து வரைந்த காலம். நடுவில் சுட்டி வந்தது. இப்போது உள்ளங்கையில் மறுபடி பேனா. அந்தப் பேனாவுக்கு ‘எழுத்தாணி’ என்று இந்தக் குழுமம் பெயர் வைத்தபோது எனக்கு இருந்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. ஓலையில் எழுதிய கைக்குப் பழக்கமான கருவி, பெயரும் கையோடு வந்துவிட்டது.

பெட்டியின் ஓரத்தில் சின்னப் பெருக்கல் குறியாகத் தெரிகிறதே, கோடு வந்து பிடிக்கும் இடம், அதற்குக் ‘கவ்வுபுள்ளி’ என்று எழுதியிருக்கிறேன். வினைத்தொகையாக எடுத்துக்கொண்டதால் நடுவில் ப் போடவில்லை. இலக்கணம் தெரிந்தவர்கள் இதில் தவறிருந்தால் தயங்காமல் திருத்துங்கள்.

மொழிபெயர்ப்புக் கோப்பில் மாற்றியிருக்கும் வரிகள் இவைதான்: ‘கட்டத்தில் அமர்’, ‘கவ்வு’, ‘விடு’, ‘கவ்வுபுள்ளியைக் காட்டு’. கீழே வரும் செய்தி, கோடு பிடித்துக்கொண்டால் ‘கவ்வியது’ என்றும், வெறுமனே நின்றால் ‘அமர்ந்தது, கவ்வவில்லை’ என்றும் வரும்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி வேளச்சேரி போகிறேன். அந்த எலக்ட்ரீஷியன் கையில் கருவியைக் கொடுத்து, எதுவும் சொல்லாமல் ஒரு கோடு போடச் சொல்லப்போகிறேன். அவர் பெட்டியை இழுப்பதற்கு முன்னாலேயே கீழே வரும் செய்தியைப் படித்துக் கோட்டைச் சரிசெய்கிறாரா என்று பார்த்துவிட்டு அன்று இரவே எழுதுகிறேன்.

அன்புடன்,
சென்னையிலிருந்து