மருந்தும் வெயிலும் இரைச்சலும் ஒரே உடம்பில் சேரும்போது எப்படி ஆராய்வது?

கேள்வி: சிப்புட் மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு தொழில்சார் சுகாதாரத்தில் முதுகலை படிக்கிறேன். எங்கள் ஊரைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் காலையில் களைக்கொல்லி அடிப்பவரே பிற்பகலில் புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டுகிறார். ஆகவே களைக்கொல்லி மருந்து, இரைச்சல், கை அதிர்வு, இயந்திரப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, வெயில் ஆகிய ஐந்தும் ஒரே நாளில் ஒரே உடம்பைத் தாக்குகின்றன. நான் பார்த்த அறிக்கைகளோ ஒவ்வொன்றும் ஓர் ஆபத்தை மட்டும் அளந்து, வரம்புக்குள் இருப்பதாக முடித்துவிடுகின்றன. தலைசுற்றுகிறது, காது இரைகிறது என்று சொல்லும் தொழிலாளிக்கு அவற்றில் இடமே இல்லை. ஒவ்வொன்றின் விளைவையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டினால் போதுமா?

பதில்: தொழில்நல ஆய்வாளர், பினாங்கு

போதாது, தங்கச்சி. ஹாமண்ட், செலிக்கோஃப், சைட்மன் ஆகியோர் 1979-இல் வெளியிட்ட கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தொழிலாளர் ஆய்வைப் பாருங்கள். நுரையீரல் புற்றுநோயால் லட்சம் பேரில் ஆண்டுக்கு இறந்தவர்கள், கல்நாரும் புகைப்பழக்கமும் இல்லாதவர்களிடையே 11.3, கல்நார் மட்டும் இருந்தவர்களிடையே 58.4; புகைப்பழக்கம் மட்டும் இருந்தவர்களிடையே 122.6, இரண்டும் சேர்ந்தவர்களிடையே 601.6. வெறுமனே கூட்டி, இருமுறை எண்ணப்படும் அடிப்படையான 11.3-ஐக் கழித்திருந்தால் ஏறத்தாழ 170தான் வந்திருக்க வேண்டும். அதே எண்களை, எத்தனை மடங்கு என்று பார்க்கும் பெருக்கல் அளவுகோலில் வைத்தால் (58.4 × 122.6 ÷ 11.3) எதிர்பார்ப்பே ஏறத்தாழ 634 ஆகிவிடும். அப்போது கூட்டு விளைவு எதுவும் இல்லை என்றுகூட ஒருவர் எழுதிவிட முடியும். எனவே எந்த அளவுகோலில் ஒப்பிடப் போகிறீர்கள் என்பதைத் தரவு சேகரிக்கும் முன்பே எழுதி வையுங்கள். எத்தனை பேரைக் காப்பாற்றலாம் என்பதே நம் கேள்வி என்றால், கூட்டி வரும் எண்ணைவிட எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கும் கூட்டல் அளவுகோலே பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து.

ஐந்தையும் ஒன்றாக எடுத்து, ஒவ்வொன்றும் உண்டு, இல்லை என்று பிரித்தால் 32 குழுக்கள் தேவைப்படும். எந்தத் தோட்டத்திலும் அதற்கு ஆள் கிடைக்காது. இரண்டைத் தேர்ந்தெடுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற தோட்ட மருந்தக உதவியாளர்

மகளே, மருந்தையும் வெயிலையும் தேர்ந்தெடுங்கள். வெப்பத்தில் தோலின் இரத்த ஓட்டம் கூடி, வியர்வையும் சேர்வதால் தோல் வழியே மருந்து உள்ளே போவது அதிகமாகிறது. காப்பதற்காக அணியும் தடித்த உடையோ உடம்பின் சூட்டை வெளியே விடுவதில்லை. உங்களுக்கு வேண்டிய நான்கு குழுக்களைத் தோட்டமே தருகிறது: முதிர்ந்த செம்பனையின் நிழலில் மருந்தடிப்பவர், கன்று நட்ட திறந்தவெளியில் மருந்தடிப்பவர், அதே இரு இடங்களிலும் மருந்தைத் தொடாமல் வேலை செய்பவர்.

இன்று மருந்தடிப்பவர்களை மட்டும் பார்த்தால் நிலைமை நல்லபடி இருப்பதுபோலவே தோன்றும், ஏனென்றால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் உதிரிப்பழம் பொறுக்கவோ வேறு வேலைக்கோ போயிருப்பார்கள். அவர்களையும் தேடிப்போய்ப் பேசுங்கள். பராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் அடித்தவர்களின் பழைய வேலை வரலாற்றைத் தனியாகக் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

பதில்: பாதுகாப்பு அதிகாரி, ஈப்போ

ஒன்றைச் சேர்க்கிறேன். இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை அளக்கும் பரிசோதனை ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிக்கொல்லிகளுக்கே உதவும். களைக்கொல்லியான கிளைபோசேட்டுக்கு வேலைக்கு முன்னும் பின்னும் சிறுநீரைச் சோதிக்க வேண்டும். வெயிலுக்கு வெறும் வெப்பமானி போதாது; ஈரப்பதம், வெயிலின் கதிர்வீச்சு, காற்று ஆகியவற்றையும் கணக்கில் கொள்ளும் ஈரக்குமிழ்-கோள வெப்பக் குறியீட்டை (WBGT), சிறுநீர் எடுக்கும் அதே நாளில் அதே இடத்தில் அளவிடுங்கள். ஒரே உறுப்பைப் பாதிக்கும் இரு இரசாயனங்கள் தத்தம் வரம்பில் 0.6 பங்கு இருந்தால், மொத்தம் 1.2 ஆகி வரம்பு மீறியதாகவே கொள்ளப்படும். வெயிலையும் மருந்தையும் அப்படிக் கூட்ட வழியில்லை என்பதால்தான் உங்கள் ஆய்வு தேவைப்படுகிறது.

சிப்புட் மாணவி

மூவருக்கும் மிக்க நன்றி. இரைச்சல், அதிர்வு, புகை மூன்றையும் இந்த ஆய்விலிருந்து விலக்கிவிடுகிறேன். வேலை மாறிப் போனவர்களைக் கண்டறிய, தோட்ட அலுவலகத்தின் பழைய பெயர்ப் பதிவேடுகளைப் பார்க்க அனுமதி கேட்டு இந்த வாரமே கடிதம் எழுதுகிறேன். மருந்தக ஐயா, அந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன் நீங்கள் ஒருமுறை படித்துப் பார்க்க முடியுமா?