பெட்டியில 1 எம்எஸ், ஸ்கிரீனில கலங்கல்: பிழை எங்க?

கடற்கரைரோட்:
போன மாசம் பம்பலப்பிட்டியில ஒரு கடையில 165 ஹேட்ஸ் (செக்கனுக்கு 165 தரம் படம் மாத்துறது) விஏ (ஒரு வகை எல்சிடி பெனல்) மொனிட்டர் வாங்கினனான். பெட்டியில 1 எம்எஸ் (மில்லிசெக்கன்) எண்டு பெரிசா போட்டிருக்கு. ஆனா வெலொரன்ட் எண்ட சுடுற கேமில சட்டெண்டு திரும்பினா சுவர் ஆள் எல்லாம் கலங்குது, இருட்டு இடத்தில கறுப்பா வால் மாதிரி இழுபடுது. வீட்ட கிடந்த பழைய குண்டு மொனிட்டரில இப்பிடி இல்ல. ஏமாந்து போனனோ?

பிக்சல்பித்தன்:
அது ரெண்டு வேற பிரச்சினை. கறுப்பு வால் பெனலால வாறது, விஏ-யில கறுப்பில இருந்து கடும் சாம்பலுக்கு மாற பிக்சலுக்கு நேரம் எடுக்கும். மற்றக் கலங்கலுக்கு பிக்சல் காரணமில்ல. எல்சிடி ஒரு படத்தைப் போட்டா அடுத்தது வரும் வரைக்கும் அதை அப்பிடியே பிடிச்சு வைச்சிருக்கும், உங்கட கண் ஓடுற ஆளோட சேந்து ஓடிக்கொண்டிருக்கு, படம் நிக்குது, அதால கண்ணுக்குள்ளதான் அது தேயுது. செக்கனுக்கு 1000 பிக்சல் ஓடுற ஒண்டு 60 ஹேட்ஸில 17 பிக்சல் அளவு கலங்கும், 144-ல 7, 240-ல 4. ஓலெட் பெனல் கண் மூடித் திறக்க முதல் நிறம் மாத்தும், அதிலயும் 60 ஹேட்ஸ் எண்டா இதே 17 தான்! உங்கட பழைய குண்டு மொனிட்டர், அதான் சிஆர்டி, அதில பொஸ்பர் (திரையில ஒளிர்ற பூச்சு) மின்னி உடன அணைஞ்சிடும், அதுதான் அவ்வளவு தெளிவு. ஹேட்ஸைக் கூட்டுங்கோ, வேற வழியில்ல.

கொட்டாஞ்சேனை_ஸ்னைப்பர்:
ப்ரோ இந்தக் கணக்கு கண் ஒரு பொருளைத் துரத்துற நேரத்துக்கு மட்டும்தான் சரி. வெலொரன்ட், சிஎஸ் (கவுண்டர் ஸ்ட்ரைக்) ரெண்டுலயும் என் கண் நடுக் குறியிலயே இருக்கு, ஆள் மூலைக்குள்ள இருந்து வந்தா அடிக்கிறேன், அவ்வளவுதான். 240-க்கு காசைக் கொட்டிட்டு கிராபிக்ஸ் கார்ட் 120 எஃப்பிஎஸ் (செக்கனுக்கு 120 படம்) மட்டும் குடுத்தா அந்த ஹேட்ஸால என்ன பிரயோசனம்? முதல்ல கார்ட்.

பிக்சல்பித்தன்:
குறியில கண் நிக்குது எண்டுறதை ஒத்துக்கொள்றன். ஆனா அப்ப குறுக்கால ஓடுறவன் துண்டு துண்டா பாஞ்சு பாஞ்சு தெரிவான், அந்த இடைவெளியைக் குறைக்கிறதும் ஹேட்ஸ்தானே. ஏபெக்ஸ் மாதிரி ஆளைத் துரத்திக்கொண்டே சுடுற கேமில உங்கட கதை நிக்காது.

நிலாக்கண்:
ஸ்ட்ரோபை ஒருத்தரும் சொல்லேல்லயே? பெக்லைட்டை ஒவ்வொரு படத்துக்கும் ஒருக்கா மட்டும் மின்ன விடுறது, சிஆர்டி மாதிரி தெளிவு வரும். 240 வாங்காமலே கலங்கல் குறையும்.

கொட்டாஞ்சேனை_ஸ்னைப்பர்:
நான் போட்டுப் பார்த்தேன் அக்கா. வெளிச்சம் பாதியாப் போகுது, எஃப்பிஎஸ் ஹேட்ஸுக்கு சமனா நிக்காட்டி ஆள் ரெண்டாத் தெரியிறான், கனக்க மொனிட்டர்ல ஃப்ரீசிங்க்கோட (கார்ட் குடுக்கிற எஃப்பிஎஸ்ஸுக்கு ஏத்தமாதிரி ஹேட்ஸை மாத்துறது) சேத்துப் போடவும் ஏலாது. ஒரு மணித்தியாலத்தில எனக்குத் தலையிடி.

நிலாக்கண்:
தலையிடி ஆளுக்கு ஆள் வேற தம்பி. நான் ராவில லைட்டைக் குறைச்சுப் போட்டு விளையாடுறன், ஒண்டும் இல்ல. பகல்ல கடல் வெளிச்சம் அறைக்குள்ள அடிக்கேக்க ஸ்ட்ரோப் சரிவராதுதான்.

கொட்டாஞ்சேனை_ஸ்னைப்பர்:
கடற்கரைரோட், நீங்க விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்ல 165 தெரிவு செஞ்சீங்களா? அது தானா மாறாது, பல நேரம் 60-லயே கிடக்கும்.

கடற்கரைரோட்:
60-ல தான் கிடந்திருக்கு!! மாத்தினன், திரும்பேக்க சுவரில இருக்கிற எழுத்தே வாசிக்கலாம் போல கிடக்கு. பெட்டியைத் திரும்பப் பாத்தன், 1 எம்எஸ்ஸுக்குப் பக்கத்தில சின்னன் எழுத்தில எம்பிஆர்டி எண்டு இருக்கு. ஓவர்டிரைவை (பிக்சலை வேகமா மாற வைக்கிற செட்டிங்) ஆகக் கூட்டினா ஆளைச் சுத்தி வெள்ளை விளிம்பு வருது, நடுவில விட்டிருக்கிறன். கறுப்பு வால் மட்டும் அப்பிடியே இருக்கு.

பிக்சல்பித்தன்:
எம்பிஆர்டி எண்டா ஸ்ட்ரோப் போட்டு அளந்த கணக்கு, பிக்சல் மாறுற வேகம் இல்ல. அதைச் சின்ன எழுத்தில போடுறது எனக்குச் சரியான கோவம். பாத்தீங்களா ஸ்னைப்பர், 60-ல இருந்து 165-க்குப் போனவுடன என்ன நடந்ததெண்டு?

கொட்டாஞ்சேனை_ஸ்னைப்பர்:
60-ல இருந்து 165 பெரிய பாய்ச்சல், அதை நான் மறுக்கேல்ல ப்ரோ. 165-ல இருந்து 240-க்கு என்ர காசு போகாது. வாலுக்கு அவர் ஐபிஎஸ் எண்ட வேற வகை எல்சிடி பெனலுக்கு மாத்தினாத்தான் உண்டு.