இன்காக்னிட்டோவில் லாகின் ஆகிறது, சாதாரண விண்டோவில் ஆகவில்லை. உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. அம்மாவின் விண்டோஸ் லேப்டாப்பில் ஒரு தலைவலி. வங்கித் தளத்தில் பாஸ்வேர்ட் கொடுத்தால் உள்ளே போகாமல் மறுபடி லாகின் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. மற்ற தளங்களில் பிரச்சினை இல்லை.

இன்காக்னிட்டோ (பிரவுசரின் தனிப்பட்ட உலாவல்) விண்டோவில் மட்டும் ஒழுங்காகத் திறக்கிறது. அதனால் நெட், பாஸ்வேர்ட் இரண்டும் சரி. இன்காக்னிட்டோவில் பழைய குக்கீகள் (தளங்கள் பிரவுசரில் சேமித்து வைக்கும் சிறு தகவல்கள்) வராது, எக்ஸ்டென்ஷன்களும் (பிரவுசரில் சேர்க்கும் துணை நிரல்கள்) நாமாக அனுமதித்தால்தான் ஓடும். ஆக, பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம். அந்தத் தளத்தின் குக்கீகளை மட்டும் அழித்துப் பார்த்தேன், மாற்றமில்லை. கடிகாரமும் தேதியும் சரியாகவே இருக்கின்றன.

எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்தால் பெரிய கூட்டமே இருக்கிறது. (கூப்பன் தேடித்தரும் எக்ஸ்டென்ஷன் அம்மாவுக்கு எதற்கு?) எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன், ஒன்றைத் தவிர. அதற்கு நீக்கும் பட்டனே இல்லை. பிரவுசர் மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று வேறு காட்டுகிறது. இது வீட்டு லேப்டாப், எந்த நிறுவனமும் இல்லை! ஏதோ இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்து பாலிசி (நிறுவனங்கள் பிரவுசரைக் கட்டுப்படுத்தப் போடும் விதி) போட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

பிரவுசரை ரீசெட் செய்தால் இது போகுமா, ரெஜிஸ்ட்ரியில்தான் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) பாலிசியை அழிக்க வேண்டுமா? எந்த இடத்தில் பார்ப்பது? புதிதாக ஒரு 'கிளீனர்' போடச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. இதே மாதிரி எக்ஸ்டென்ஷனை நீக்கியவர்கள் செய்த வரிசையைச் சொன்னால் போதும். அதுவரை வங்கிக் கணக்கை அந்த லேப்டாப்பில் திறக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.