பேர்த்திக்கு என்ன பெயர் வைக்கலாம்?

வினா (ஒட்டுசுட்டானிலிருந்து)

வணக்கம். என் மகனுக்கு ரோகிணி நட்சத்திரத்தில் பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு முன்னர் பெயரை முடிவு செய்ய வேண்டும். பஞ்சாங்கப்படி ஒ, வ, வி, வு ஆகிய ஒலிகளில் ஒன்று முதலில் வரவேண்டும் என்பதால் மருமகள் 'விதுசிகா' என்ற பெயரை விரும்புகிறார். என் தாயாரின் பெயர் நாகம்மா. புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளை என்பதால் அவருக்கு அப்பெயர் இடப்பட்டது. அதன் சாயலாவது பேர்த்தியிடம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. விதுசிகா என்பதன் பொருள் என்ன? இரண்டு விருப்பங்களும் ஒன்றாய் அமையும் பெயர் ஏதும் உண்டா?

மறுமொழி 1 (கிளிநொச்சி, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, அறிதல் என்னும் பொருளுடைய 'வித்' என்ற வடமொழி வேரிலிருந்து வேதம், வித்துவான் ஆகிய சொற்கள் பிறந்தன. வித்துவானின் பெண்பாலே விதுஷி. இந்தியாவில் இசையில் தேர்ந்த பெண்களுக்கு இன்றும் அது பட்டமாக வழங்குகிறது. இறுதியிலுள்ள 'கா' இக்காலத்தவர் ஓசைக்காகச் சேர்த்துக்கொண்டது. ஆனால் 'து' நெடிலாகி 'விதூஷிகா' என்று ஒலித்தால், வடமொழி நாடகங்களில் வரும் கோமாளியான விதூஷகனின் பெண்பாற்பெயராகிவிடும். ஒரு மாத்திரையில் பொருள் இவ்வளவு மாறுவதால், மருமகள் விரும்பினால் 'விதுஷி' என்றே வைப்பது நல்லது.

மறுமொழி 2 (முள்ளியவளை)

அண்ணா, உங்கள் ஆசையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்குவதனாலேதான் பெயரன், பெயர்த்தி என்ற உறவுமுறைச் சொற்களே உண்டாயின. நம் வன்னியில் நாகராசா, நாகேஸ்வரி, நாகம்மா என்று தலைமுறைதோறும் வந்த பெயர்களுக்குப் பின்னால் நாகதம்பிரான் வழிபாடு இருக்கிறது. வற்றாப்பளை அம்மனை நேர்ந்தவர்கள் கண்ணகை என்று வைத்ததும் அவ்வாறே. அந்தப் பெயர்கள் இப்போது பாடசாலை இடாப்புகளில் அருகி வருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

என் பரிந்துரை 'வாசுகி'. பாற்கடலைக் கடைந்தபோது மந்தர மலையைச் சுற்றிக் கயிறாகக் கட்டப்பட்ட நாகராசனின் பெயர் அது. புராணத்தில் ஆண்பெயராயினும், திருவள்ளுவரின் மனைவி பெயர் வாசுகி என்று மரபுவழியாகச் சொல்லப்பட்டு வருவதனால், தமிழரிடையே அது நெடுங்காலமாகப் பெண்பெயராகவே வழங்குகிறது. ரோகிணிக்குரிய 'வ' வரிசையிலும் தொடங்குகிறது. உங்கள் தாயாரின் நாகமும் அதில் இருக்கிறது.

மறுமொழி 3 (மாங்குளம்)

வாசுகி மிக நன்று. கிரந்த எழுத்து இல்லாததால் ஒருவர் 'ஷ' என்றும் மற்றொருவர் 'ச' என்றும் எழுதும் குழப்பம் வராது. எனினும் ஆங்கில எழுத்துக்கூட்டலை வீட்டில் இப்போதே தீர்மானித்து, பிறப்புப் பதிவின்போது எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். அடையாள அட்டையும் கடவுச்சீட்டும் பிற்காலத்தில் அதையே பின்பற்றும். விதுஷியை வீட்டுப்பெயராக வைத்துக்கொள்ள மருமகள் இசைவாரா என்றும் கேட்டுப் பாருங்கள்.

வினவியவர்

மூவருக்கும் நன்றி. வாசுகி என்றதும் மருமகளுக்கும் பிடித்துவிட்டது. விதுஷி என்று வீட்டில் அழைக்கப்போவதாகவும் சொல்கிறார்.