மூன்று பெட்டி ஆப்பிள்: வினிகர் ஜாடியில் வெள்ளைப் படலம், இனி என்ன செய்வது?

மரிட்ஸ்பர்க் மலர்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில் சீரஸ் பக்கத்திலிருந்து 18 கிலோ ஆப்பிள் பெட்டி மூன்று வந்திருக்கிறது. இரண்டில் கோல்டன் டெலிஷஸ், ஒன்றில் கிரானி ஸ்மித். ஒரு பெட்டியில் பாதி அடிபட்ட பழம்.

தோல், நடுப்பகுதி எல்லாம் சேர்த்து 1 கிலோ, தண்ணீர் 2 லிட்டர், சர்க்கரை 100 கிராம். இப்படி ஒரு ஜாடி போட்டு, மூடியைத் தளர்வாக வைத்தேன். 16 நாள் ஆகிறது. மேலே வெள்ளையாக, சுருக்கம் விழுந்த படலம். நகப்பூச்சு அழிக்கிற திரவம் மாதிரி ஒரு வாசனை. புளிப்பு லேசாகத்தான் இருக்கிறது.

கொட்டிவிடலாமா? மிச்சப் பழத்தில் ஒழுங்காக வினிகர் போட என்ன முறை? அந்த வினிகரில் காய்கறி அச்சார் (ஊறுகாய்) போடலாமா?

சாட்ஸ்வர்த் ஜாடி

மலர் அக்கா, உடனே கொட்ட வேண்டாம். முதலில் படலத்தைப் பாருங்கள். வெள்ளையாக, தட்டையாக, கிளறினால் உடைந்து போனால் அது காற்றில் வளரும் ஒருவகை ஈஸ்ட். ஆபத்தில்லை, ருசியைக் கெடுக்கும், அவ்வளவுதான். கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். பஞ்சு மாதிரி முடி வைத்து, பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தால் அது பூஞ்சை. அப்போது மேலே வழித்துப் பயனில்லை, ஜாடி முழுவதையும் கொட்டிவிடுங்கள். துண்டுகள் நீருக்கு மேலே மிதந்து காய்ந்தால்தான் பூஞ்சை பிடிக்கும். தினமும் ஒருமுறை கிளறி அமுக்கினால் வராது.

உங்கள் ஜாடியில் உண்மையான பிரச்சினை சர்க்கரைக் கணக்கு. ஆப்பிள் நேராகப் புளிப்பதில்லை. ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுகிறது, பிறகு அசெட்டோபாக்டர் என்ற பாக்டீரியா அந்த ஆல்கஹாலை அசெட்டிக் அமிலமாக மாற்றுகிறது. முதல் நாள் எவ்வளவு சர்க்கரையோ, கடைசி நாள் அதற்கேற்ற புளிப்புதான். லிட்டருக்கு 50 கிராம் போட்டால், தோலில் இருக்கும் சர்க்கரையையும் சேர்த்து 3 சதவீத அமிலத்தை எட்டுவதே பெரிய பாடு. தோலில் போடுவதென்றால் லிட்டருக்கு 100 கிராம் போடுங்கள்.

இன்னொன்று, இரண்டு வேலைக்கும் தேவை நேர் எதிர். ஈஸ்டுக்குக் காற்று வேண்டாம், பாக்டீரியாவுக்குக் காற்று இல்லாமல் முடியாது. மூடியைத் தளர்வாக வைத்தால் இரண்டும் அரைகுறை. அந்த நகப்பூச்சு வாசனையும் அதனால்தான்: ஆல்கஹாலும் அமிலமும் சேர்ந்து எத்தில் அசெடேட் ஆகிறது. வடிகட்டி, அகலமான பாத்திரத்தில் துணி கட்டித் திறந்து வையுங்கள். சில வாரத்தில் பெரும்பாலும் குறைந்துவிடும்.

மிச்சப் பழத்துக்குச் சாறு முறைதான் நல்லது. 24 கிலோ எடுங்கள், கோல்டனும் கிரானியும் கலந்தே. கிரானி பச்சையாகக் கடினமாக இருந்தால் ஒரு வாரம் வெளியே வையுங்கள், மாவுச்சத்து சர்க்கரையாக மாறட்டும். அடிபட்ட இடத்தை வெட்டி எடுத்தால் போதும். அழுகிய பழத்தை மட்டும் முழுதாக எறியுங்கள். அழுகலில் வளரும் பூஞ்சை பட்டுலின் என்ற நஞ்சைச் சாற்றில் விடும், கொதிக்க வைத்தாலும் அது முழுதாகப் போகாது.

வீட்டு ஜூஸரில் 12 லிட்டர் அளவுக்குச் சாறு கிடைக்கும். சாற்றின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள், 1.045க்கும் 1.050க்கும் நடுவில் காட்டினால் சர்க்கரை சேர்க்கவே வேண்டாம். குறைந்தால் லிட்டருக்கு 20 கிராம் சேர்த்து மறுபடி அளந்து பாருங்கள். ஈஸ்ட் 3 கிராம் வைன் ஈஸ்ட், இல்லையென்றால் கடையில் கிடைக்கும் 10 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் பாக்கெட்டில் பாதி. வெதுவெதுப்பான தண்ணீர் 50 மில்லியில் 15 நிமிடம் ஊறவைத்து ஊற்றுங்கள். கேனில் கால் பங்கு இடம் விட்டு, வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத ஏர்லாக் மாட்டுங்கள். ஏர்லாக் இல்லையா, மூடியில் துளை போட்டு ஒரு குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் டம்ளரில் விடுங்கள். 18 முதல் 22 டிகிரியில் இரண்டிலிருந்து நான்கு வாரம். ஹைட்ரோமீட்டர் 1.000க்குக் கீழே இறங்கி, மூன்று நாள் அசையாமல் நின்றால் முடிந்தது. நடுவில் அழுகிய முட்டை வாசனை வந்தால் ஈஸ்டுக்குச் சத்துக் குறைவு என்று அர்த்தம். ஒரு சிட்டிகை ஈஸ்ட் நியூட்ரியன்ட் போடுங்கள்.

இனிப்பு மிச்சமிருக்கும்போதே துணி கட்டித் திறப்பதுதான் பலர் செய்யும் தவறு. பொறுத்திருங்கள்.

பிறகு அடி மண்டியைக் கிளறாமல் மேல் சாற்றை அகலமான பக்கெட்டுக்கு மாற்றுங்கள். கண்ணாடி, உணவுத்தரப் பிளாஸ்டிக், நல்ல எவர்சில்வர் எதுவும் சரி. அலுமினியம், செம்பு, இரும்பு கூடவே கூடாது, அமிலம் அரித்துவிடும். நான்கு பங்கு சாற்றுக்கு ஒரு பங்கு, மதர் (பாக்டீரியா கட்டும் ஏடு) இருக்கும், கொதிக்க வைக்காத ஆப்பிள் சைடர் வினிகர் சேருங்கள். விதை பாக்டீரியாவும் கிடைக்கும், முதல் நாளிலேயே புளிப்பு ஏறுவதால் பூஞ்சையும் பிடிக்காது. பக்கெட்டில் பாதியோ, முக்கால் பங்குக்குக் குறைவாகவோ நிரப்புங்கள். ஆழம் குறைந்து பரப்பு கூடினால் வேகம்.

துணி விஷயத்தில் அசட்டை வேண்டாம். மஸ்லின் ஓட்டையில் பழ ஈ நுழைந்துவிடும். நெருக்கமான பருத்தித் துணி இரண்டு மடிப்பு, ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டுங்கள்.

லெனேசியா தோட்டம்

ஜாடி அண்ணன் சொன்னது எல்லாம் சரி. சூட்டைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் அண்ணன் இருக்கும் டர்பன் கணக்கு மேட்டுப் பக்கம் ஒத்துவராது. பாக்டீரியா 25 முதல் 30 டிகிரியில்தான் வேகமாக வேலை செய்யும். டர்பனில் 6 முதல் 8 வாரம் ஆகும். இங்கே ஜொகானஸ்பர்க்கில் ஜூன், ஜூலை குளிர்கால இரவில் 4, 5 டிகிரிக்கு இறங்கிவிடும். அப்போது பாக்டீரியா சாகாது, தூங்கிவிடும், மூன்று நான்கு மாதம் இழுக்கும். மரிட்ஸ்பர்க்கும் குளிர்காலத்தில் சில்லென்றுதான் இருக்கும். மே மாதத்துக்குள் ஈஸ்ட் வேலையை முடித்து, திறந்த பக்கெட்டை கீசர் அலமாரியிலோ ஃபிரிட்ஜுக்கு மேலேயோ வையுங்கள்.

தோல் ஜாடிக்கு முனிசிபல் தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள், குளோரின் இருக்கும். கொதிக்க வைத்து ஆறவிட்டு ஊற்றுங்கள். ஜாடியைக் கழுவும் மெட்டாபைசல்ஃபைட் மாத்திரையைச் சாற்றில் போடவே கூடாது, அசெட்டோபாக்டரை நிறுத்திவிடும். கடைச் சாற்றில் போடுவதென்றால் லேபிளைப் படியுங்கள். சோர்பேட் என்ற பதப்பொருள் இருந்தால் ஈஸ்ட் எழுந்திருக்காது.

சாட்ஸ்வர்த் ஜாடி

ஆமாம், அதைச் சொல்ல விட்டுவிட்டேன். மேலே ஜெல்லி மாதிரி ஏடு கட்டினால் பயப்படாதீர்கள், அதுதான் மதர். அசைத்தால் மூழ்கும், இன்னொன்று வரும். மூழ்கியதை எடுத்து வைத்தால் அடுத்த தடவைக்கு விதை.

ஆல்கஹால் தீர்ந்ததும் உடனே பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். திறந்தே விட்டால், தின்ன ஆல்கஹால் இல்லாத பாக்டீரியா அமிலத்தையே தின்னத் தொடங்கும், புளிப்பு இறங்கிவிடும். நீண்ட நாள் வைக்க வேண்டுமானால் 60 முதல் 65 டிகிரியில் 10 நிமிடம் சுடவைத்து நிரப்புங்கள்.

அச்சார் அளவு

அச்சார் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், இதில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

அலமாரியில் வைக்கிற கேரட், பீன்ஸ், காலிஃபிளவர் அச்சாருக்கு 5 சதவீத அமிலம் வேண்டும். வீட்டு வினிகர் 2.5 ஆக இருக்கலாம், 6 ஆகவும் இருக்கலாம், நாக்கு அதைக் கண்டுபிடிக்காது. பிஹெச் தாள் வாங்கி 3 என்று காட்டியதும் நம்பிவிடுகிறார்கள், அது தவறு. பிஹெச் என்பது புளிப்பின் கடுமையைக் காட்டும் எண் (குறைந்தால் கடுமை அதிகம்), அமிலத்தின் சதவீதமல்ல. பலவீனமான வினிகரும் தனியாக அளந்தால் 3 காட்டும். காய்களைப் போட்டதும் காயிலிருக்கும் நீரும் சத்தும் சேர்ந்து பிஹெச் மேலே ஏறும். 4.6க்கு மேல் போனால், எண்ணெய் மூடிய, காற்றில்லாத பாட்டிலில் உயிருக்கே ஆபத்தான நஞ்சை விடும் போட்டுலிசம் கிருமி வளர வழி கிடைக்கிறது.

சரியாக அளக்க வைன் செய்பவர்கள் வாங்கும் அமிலச் சோதனை கிட் போதும். உள்ளே 0.1 நார்மல் செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு, நிறம் மாறிக் காட்டும் ஃபீனால்ஃப்தலீன். வினிகர் 2 மில்லி, காய்ச்சி வடித்த தண்ணீர் 20 மில்லி, ஃபீனால்ஃப்தலீன் மூன்று சொட்டு. சிரிஞ்சால் சோடியம் ஹைட்ராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஆட்டுங்கள். இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் நிறுத்துங்கள். எத்தனை மில்லி சென்றதோ அதை 0.3 ஆல் பெருக்கினால் சதவீதம். 16.7 மில்லி சென்றால் 5. கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அளக்காத வினிகர் வீணல்ல. சாலட், சட்னி, ரசத்துக்குப் புளிப்பு, ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு வாரத்தில் தீர்க்கும் வெங்காய ஊறல், எதற்கும் சரி. அலமாரி அச்சாருக்கு மட்டும் லேபிளில் 5 சதவீதம் போட்ட கடை வினிகரையே வாங்குங்கள்.

மரிட்ஸ்பர்க் மலர்

ரொம்ப நன்றி. படலம் தட்டையாகத்தான் இருக்கிறது, வழித்துவிட்டு வடிகட்டி அகலப் பாத்திரத்துக்கு மாற்றிவிட்டேன். 24 கிலோ சாற்றுக்குப் போனால் இன்னும் 30 கிலோ இருக்கிறதே, அதை என்ன செய்வது?

லெனேசியா தோட்டம்

கிரானி ஸ்மித் நல்லதைப் பொறுக்கி, ஒன்றோடொன்று உரசாமல் செய்தித்தாளில் சுற்றி, 0 முதல் 4 டிகிரியில் வையுங்கள். இரண்டு மாதம் தாங்கும். கோல்டன் சீக்கிரம் சுருங்கும், அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்.

கோல்டனை 5 மில்லிமீட்டர் வளையமாக வெட்டி, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்ட தண்ணீரில் 10 நிமிடம் போடுங்கள். 60 டிகிரி ஓவனில், கதவைக் கொஞ்சம் திறந்து, 6 முதல் 10 மணி நேரம். 1 கிலோவுக்கு 130 கிராம் மாதிரி கிடைக்கும். உடனே எடுத்து வைக்காமல் ஒரு வாரம் மூடிய கண்ணாடி ஜாடியில் போட்டுத் தினம் குலுக்குங்கள். உள்பக்கம் ஈரம் படிந்தால் இன்னும் காயவில்லை, திரும்ப ஓவனில் வையுங்கள்.

அச்சார் அளவு

கிரானியில் 1 கிலோவைப் பச்சை மாங்காய் மாதிரித் தோலோடு சிறு துண்டாக்கி, உப்பு 60 கிராம் போட்டு இரண்டு மணி நேரம் வைத்து நீரைப் பிழியுங்கள். 5 சதவீதக் கடை வினிகர் 200 மில்லி, அச்சார் மசாலா 40 கிராம், தாளித்து ஆறிய எண்ணெய் 150 மில்லி, பூண்டு, கறிவேப்பிலை. ஆப்பிளில் நீர் அதிகம், ஆகவே இது ஃபிரிட்ஜ் அச்சார்தான். இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.